சி.எம்.சி. மட்டும் போதுமா? நீட் எழுதிய மகளுக்கு எங்கெங்கே விண்ணப்பிப்பது?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் கிராமம். நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். கணவர் நெசவு. நாங்கள் பி.சி. மகள் எட்டாவது வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பிறகு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நீட் எழுதியிருக்கிறாள், 720க்கு 430 வரும் என்கிறாள். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி)யில் படிக்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து அவள் ஆசை. சித்தூரில் ஒருவர் பெங்களூரில் சீட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். உறவினர் ஒருவர் ஜார்ஜியாவுக்கு அனுப்பச் சொல்கிறார். எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

பதில்:

அம்மா, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு எழுதியிருக்கிறீர்கள். நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். நீட் முடிவு வருவதற்குள் இருக்கும் இந்தச் சில வாரங்களில்தான் பாதி வேலை நடக்க வேண்டும். முடிவு வந்த பிறகு ஓடுகிறவர்கள் சான்றிதழுக்காகவே ஓடிக்கொண்டிருப்பார்கள்.

அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு வருஷமும் காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பிள்ளைகளோடு இந்த விண்ணப்ப வேலையில் உட்காருகிறேன். வருகிற பெற்றோர் எல்லோரும் முதலில் மதிப்பெண்ணைத்தான் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது, பிள்ளை ஆறாவதிலிருந்து எங்கே படித்தது, வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதைத்தான். உங்கள் கடிதத்தில் அந்த இரண்டும் இருக்கின்றன. அவற்றின் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை என்று தோன்றுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாமே இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிதான். ஆக, உங்கள் மகள் இதற்குள் வருகிறாள். அவள் போட்டி மாநிலம் முழுக்க உள்ள எல்லோரோடும் இல்லை, தன்னைப் போல அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு. பொதுப் பட்டியலில் இடம் முடிகிற மதிப்பெண்ணைவிட இந்தப் பட்டியலில் முடிகிற மதிப்பெண் எப்போதும் வெகுவாகக் கீழேதான் இருந்திருக்கிறது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. வேலூர்ப் பக்கம் பழைய மிஷன் பள்ளிகள் பல உதவி பெறும் பள்ளிகள். சம்பளம் அரசு தருகிறது, புத்தகம் அரசு தருகிறது, சைக்கிள் அரசு தருகிறது. அப்புறம் அரசுப் பள்ளி இல்லாமல் என்ன என்றுதான் ஊரில் நினைப்பார்கள். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண், ஒன்பதும் பத்தும் மட்டும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவள். நானும் பதினொன்று, பன்னிரண்டு சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். சான்றிதழ் சரிபார்ப்பில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஏழு வருஷத்துக்கும் தனித்தனியாகப் பள்ளியின் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது என்ன வகைப் பள்ளி என்று குறித்த பிறகே மேலே பேசுகிறேன். நீங்களும் எழுதிப் பாருங்கள்.

இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் அப்படித்தான். முதல் வருஷம், 2020 நவம்பரில், இது தெரியாமல் சில பிள்ளைகள் தனியார் கல்லூரி இடத்தைக் கட்டணத்துக்குப் பயந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அரசே கட்டும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. இன்றைக்கும் அந்தப் பயத்தோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். நீங்கள் பயப்படாதீர்கள்.

அடுத்து உங்கள் வேலை. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) என்று ஒரு பிடித்தம் இருக்கும், சம்பளத்தில் 0.75 சதவீதம். காய்ச்சல் என்றால் டிஸ்பென்சரிக்குப் போக மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். இ.எஸ்.ஐ. நடத்தும் மருத்துவக் கல்லூரிகளில், சென்னை கே.கே. நகரில் இருப்பது உட்பட, காப்பீடு செய்த தொழிலாளியின் பிள்ளைகளுக்கு என்றே இடங்கள் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் காலையில் கம்பெனி வேனில் ஏறுகிற எத்தனையோ தாய்மார்களுக்கு இது தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இதற்கு எத்தனை காலம் வேலையில் இருந்திருக்க வேண்டும், எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதை இ.எஸ்.ஐ. கழகம் ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கும். உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்து அவர்களுடைய இணையதளத்தில் தொழிலாளியின் பிள்ளை என்ற சான்றிதழை எடுக்க வேண்டும். உங்கள் பெயரும் மகளின் பெயரும் அங்கே சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கம்பெனி எச்.ஆரிடம் இந்த வாரமே கேளுங்கள். பதினோரு வருஷத்துக்கு முன் சேர்ந்தபோது குடும்ப விவரத்தில் பிள்ளை பெயரைத் தப்பாக எழுதியிருந்தால், திருத்த நாள் ஆகும்.

சரி, எத்தனை இடத்தில் விண்ணப்பிப்பது? உங்கள் மகளுக்கு மூன்று.

முதலாவது, தமிழ்நாடு மருத்துவத் தேர்வுக் குழு, சென்னை கீழ்ப்பாக்கம். அரசுக் கல்லூரிகளின் 85 சதவீத இடங்கள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, 7.5 எல்லாம் இங்கேதான். விண்ணப்பத்திலேயே 7.5 ஒதுக்கீட்டைக் கோர வேண்டும். இரண்டாவது, டெல்லியிலிருந்து எம்.சி.சி. (மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு) நடத்தும் கலந்தாய்வு. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர், நான் சொன்ன இ.எஸ்.ஐ. இடங்கள் எல்லாம் இதில் வரும். பதியும்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற பிரிவைத் தொடாதீர்கள். அதற்கு முன்வைப்புத் தொகையே இரண்டு லட்சம். அகில இந்தியப் பிரிவுக்கு ஓ.பி.சி. (மத்திய அரசுக் கணக்கில் பிற்படுத்தப்பட்டோர்) என்றால் ஐயாயிரம்தான், திரும்பக் கிடைக்கும். மூன்றாவது, சி.எம்.சி.

சி.எம்.சி. பற்றி மனசு விட்டுச் சொல்கிறேன். 1900இல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. 1918இல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். ஆண்களைச் சேர்த்ததே 1947இல்தான். அந்தக் கல்லூரி இருக்கும் பாகாயம் பக்கம் பஸ்ஸில் போகிற எந்தப் பெண் குழந்தைக்கும் அந்த ஆசை வரத்தான் செய்யும். முன்பு அவர்களே தனியாக நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைத்தார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இப்போது நீட் மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. ஆனால் கல்லூரிக்கென்று தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் போதும் என்று தேர்வுக் குழு விண்ணப்பத்தை விட்டுவிடக் கூடாது, இரண்டுமே வேண்டும். இருப்பது 100 எம்.பி.பி.எஸ். இடம். அதில் ஒரு பகுதி திருச்சபைகளின் பரிந்துரையில் வருகிறவர்களுக்கு. அவர்கள் படிப்பு முடிந்ததும் மிஷன் ஆஸ்பத்திரிகளில் பணி செய்ய ஒப்புக்கொண்டு சேருகிறார்கள். பொது இடங்களுக்கு நாடு முழுவதும் இருந்து மேல் மதிப்பெண்காரர்கள் வருகிறார்கள். 430 மதிப்பெண்ணுக்கு அங்கே வாய்ப்பு மிகவும் குறைவு. விண்ணப்பக் கட்டணம் கைக்கு அடங்கினால் போடுங்கள், அவள் ஆசைக்காக. ஆனால் வீட்டின் நம்பிக்கையை அதன் மேல் வைக்காதீர்கள்.

பாகாயத்துக்கு அப்பால் திருவண்ணாமலை போகிற சாலையிலேயே அடுக்கம்பாறை இருக்கிறது. அங்கே 2005இல் வந்த அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி, அதிலும் 100 இடம். அந்த ஆஸ்பத்திரியின் புற நோயாளிப் பிரிவில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். பாம்புக்கடி, பிரசவம், சர்க்கரைப் புண், சாலை விபத்து என்று நம் மாவட்டமே அங்கே வந்து நிற்கும். எம்.பி.பி.எஸ். படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடப் புத்தகம் கிடையாது. திருவண்ணாமலை, தர்மபுரி, செங்கல்பட்டு, 2022இல் திறந்த கிருஷ்ணகிரி, திருவள்ளூர் எல்லாம் ஒரு பகலுக்குள் போய்வரும் தூரம்தான். ஆனாலும் பெண் பிள்ளை என்று பக்கத்து ஊர்களை மட்டும் எழுதாதீர்கள். 7.5 பட்டியலில் நல்ல ரேங்க் வந்தால் சென்னையின் பழைய கல்லூரிகளையும் மேலே வையுங்கள்.

இந்தப் பட்டியல் போடுவதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கிடைக்காத கல்லூரியை மேலே எழுதினால் கிடைக்கிறது போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அப்படி இல்லை. இணையவழிக் கலந்தாய்வில் உங்கள் ரேங்க் வரும்போது, கணினி நீங்கள் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். முதலாவதில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதிலும் இல்லையென்றால் மூன்றாவது. உங்களுக்குக் கீழே இருப்பவர் அந்த இடத்தைப் பிடுங்க முடியாது. அதனால் மனசில் எது முதலோ அதை முதலில் எழுதுங்கள். பட்டியலை நீளமாக எழுதுங்கள், ஐந்தோடு நிறுத்தாதீர்கள். 7.5க்குச் சில வருஷங்களாகச் சென்னையில் நேரில் அழைத்து நடத்துகிறார்கள். அப்போது திரையில் மீதமுள்ள கல்லூரிகளைப் பார்த்து அங்கேயே சொல்ல வேண்டும். வீட்டிலேயே ஒரு நோட்டில் வரிசை எழுதி எடுத்துப் போங்கள். அங்கே போய் யோசிக்க நேரம் இருக்காது.

430 போதுமா என்று கேட்டால், ரேங்க் வரும்வரை யாரும் பதில் சொல்ல முடியாது. 2024இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720க்கு 720. 2025இல் இயற்பியல் கேள்விகள் கடினமாக வந்தன, நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686. போன வருஷ மதிப்பெண்ணை இந்த வருஷத்துக்கு வைத்துப் பார்ப்பது தப்புக் கணக்கு. மாநில ரேங்க் பட்டியலும் 7.5 பட்டியலும் வந்ததும், அந்த ரேங்க்கைப் போன வருஷ ஒதுக்கீட்டு விவரத்தோடு ஒப்பிடுங்கள். அது ஓரளவு சரியாக வரும்.

காகிதங்கள். சாதிச் சான்று கையில் இருக்கும். அது மாநிலத்துக்கு மட்டும்தான் போதும். எம்.சி.சி.க்கு மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அந்தச் சான்றுக்கான எட்டு லட்ச வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்பது விதி. மையத்தில் சேர்த்துப் போட்டால் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றும் எடுத்துவிடுங்கள். (எல்லையோரப் பிள்ளைகள் சிலர் இடையில் சித்தூர், பலமநேரில் படித்திருப்பார்கள். அவர்களுக்குப் பிறப்பிடச் சான்றும் வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.)

இன்னொன்று, சின்ன விஷயம் போல இருக்கும். நீட் விண்ணப்பத்தில் யாருடைய மெயில், யாருடைய செல்போன் எண் கொடுத்தீர்கள்? அணைக்கட்டுப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் பிரவுசிங் சென்டர்காரரே தன் மெயிலைப் போட்டு, பாஸ்வேர்டையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். கல்லூரிப் பட்டியலை லாக் செய்யக் கடைசி நாள் ஆடிக் கிருத்திகை. கடைக்காரர் காவடி எடுத்துத் திருத்தணிக்குப் போய்விட்டார். செல்லும் எடுக்கவில்லை. பையன் அன்று முழுக்க மூடிய ஷட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அந்தச் சுற்று போயிற்று. உங்கள் மகள் பெயரில் ஒரு மெயில், உங்கள் கையில் இருக்கிற எண், நோட்டில் எழுதிய பாஸ்வேர்டு, இதற்கு மாற்று இல்லை.

சித்தூர்க்காரருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பெங்களூர் ஆனாலும் எந்த ஊர் ஆனாலும் எம்.பி.பி.எஸ். இடம் நீட் ரேங்க்படி கலந்தாய்வில்தான் வரும், தனியாள் விற்க முடியாது. ஜார்ஜியா தப்பான நாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டில் படிப்பவர்களுக்கான நம் நாட்டு 2021 விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருஷப் பயிற்சி, திரும்பி வந்து 300 கேள்வித் தேர்வில் 150 எடுத்துத் தேர்ச்சி, அப்புறம் இங்கே மறுபடி ஒரு வருஷப் பயிற்சி. 7.5 உரிமை கையில் இருக்கும்போது வீட்டை அடகு வைத்து அந்த வழியில் போக வேண்டாம். இந்த வருஷம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் எழுதும்போதும் அந்த உரிமை இருக்கும். பல் மருத்துவம், சித்தாவிலும் அது உண்டு. கால்நடை மருத்துவத்துக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும், அந்த விண்ணப்பத்தையும் தவற விடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று. அவள் படித்த இரண்டு பள்ளிகளிலும் தலைமையாசிரியரிடம் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். கோடை விடுமுறை, நடுநிலைப் பள்ளி பூட்டியிருக்கும். தலைமையாசிரியர் எண்ணை ஊரில் விசாரித்து இன்றே பேசிவிடுங்கள். மகளின் மாற்றுச் சான்றிதழில் இருக்கிற இனிஷியலும் நீட் விண்ணப்பத்தில் இருக்கிற இனிஷியலும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு அந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்.