வரையச் சொன்னவருக்கே உரிமை போய்விடுமா?

கேள்வி: கடல், நாட்டுப்படகு, பாலம் என்று வாட்டர்கலரில் வரைகிறேன். ராமேஸ்வரம் கோயில் பக்கம் ஒரு கடைக்காரர், "படத்தை வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு, எனக்கு 40 சதவீதம்" என்கிறார். பிரேமில் பவளத் துண்டும் சிப்பியும் ஒட்டினால் நன்றாகப் போகுமாம். ஒரு ஹோம்ஸ்டேக்காரர் பழைய பாலத்தை வரைந்து தரச் சொல்கிறார். அதைக் காபி கப்பிலும் டி-ஷர்ட்டிலும் அச்சடிக்கப் போகிறாராம். எப்படி விலை சொல்வது?
– வாசகி, பாம்பன்

பதில்: ஹோம்ஸ்டே விஷயத்தை முதலில் பார்ப்போம். பெரிய நஷ்டம் அங்கேதான் வரக்கூடும். நீங்களாக வரைந்து வைத்திருந்த படத்தை ஒருவர் வாங்கினால் அவருக்குப் போவது அந்தப் படம் மட்டும். பதிப்புரிமை, அதாவது அதை நகலெடுத்து அச்சடிக்கும் உரிமை, உங்களிடமே இருக்கும். ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையச் சொன்ன படம் அப்படியல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரையச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். அப்புறம் அவர் ஆயிரம் கப் அடித்தாலும் நீங்கள் பங்கு கேட்க முடியாது.

அதனால் பிரஷ்ஷைத் தொடும் முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதில் இருக்க வேண்டியது: "பதிப்புரிமை எனக்கே, கப், டி-ஷர்ட் இரண்டில் மட்டும், இத்தனை எண்ணிக்கை, இத்தனை ஆண்டு அச்சடிக்கலாம், ஒவ்வொன்றிலும் என் பெயர் இருக்க வேண்டும்." காலத்தை எழுதாமல் விட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். படத்துக்கு ஒரு தொகை, அச்சடிக்கும் அனுமதிக்குத் தனித் தொகை. "நம்ம ஊரு ஆளு, எழுத்தெல்லாம் எதுக்கும்மா?" என்பார். ஊர்க்காரர் என்பதால்தான் எழுத வேண்டும். நாளைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டுமே.

அந்தப் பாலத்துக்கு இப்போது தனி மவுசு வேறு. 1914-ல் திறந்தது, 2022 டிசம்பரில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. ரயில் ஓடாத பாலத்தை நினைவாக வாங்கிப்போக ஆள் இருக்கும். சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி கடை. 40 சதவீதம் அநியாயமில்லை. வாடகையும் ஆள் கூலியும் அவருடையது. பலரும் சறுக்குவது கணக்கில். தாளும் கலரும் 350 ரூபாய், 8 மணி நேர வேலைக்கு மணிக்கு 150 என்று வைத்தால் உங்கள் கைக்கு வர வேண்டியது 1,550. இதோடு 40 சதவீதம் கூட்டி 2,170 என்று ஒட்டினால், கமிஷன் போக 1,302-தான் மிஞ்சும். கடைக்கு 40 போக உங்களுக்கு வருவது விலையில் 60 சதவீதம், அதனால் 1,550-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 2,600. வாட்ஸ்அப்பில் நேரடியாகக் கேட்பவருக்கும் இதே விலையைச் சொல்லுங்கள். குறைத்து விற்றது தெரிந்தால் கடைக்காரர் உங்கள் படத்தைப் பின்சுவருக்குத் தள்ளிவிடுவார்.

படங்களை ஒப்படைக்கும்போது அளவு, விலை எழுதிய சலானில் அவர் கையெழுத்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை கணக்கு, சேதமானால் யார் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்கட்டும். உப்புக் காற்றில் பிரேம் ஆணி துருப்பிடிக்கும், கண்ணாடிக்குள் ஈரம் தங்கித் தாள் பூஞ்சை பிடிக்கும். கணக்குப் பார்க்கப் போகும்போதே விற்காததை மாற்றிவிடுங்கள். ஈரத்துணிப் பையோடு ரயிலுக்கு ஓடுகிறவர் பெரிய பிரேமைத் தொடமாட்டார். ஏ4 அளவுக்குள், பின்னால் அட்டை வைத்துக் கவரில் போட்ட படங்களையே அதிகம் கொடுங்கள்.

பவளத் துண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்ந்துவிட்டன. கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. சிப்பி, சங்கிலும் சில வகைகளுக்குத் தடை உண்டு. எந்த வகை என்று தெரியாததை ஒட்டாதீர்கள். கடைக்காரர் வற்புறுத்தினால் பிரேம் ஓரத்தில் பவளத்தையும் சிப்பியையும் வரைந்து கொடுங்கள், அதற்கும் கூலி சேர்த்து.