வாசகர் கேள்வி – பதில்: போர்க்காலமும் சரக்குக் கப்பலும்

"உலகப் போரில் 40 சரக்குக் கப்பலை ஒண்ணாச் சேர்த்து ஓட்டினாங்களாம். அது எதிரிக்குத்தானுங்க வசதி? தனித்தனியாப் போனாத் தப்பிக்குமே?"
– வாசகர், பெருந்துறை

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையும் 1917 ஏப்ரல் வரை இப்படித்தான் நினைத்தது. அந்த ஒரே மாதத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகளால் உலக அளவில் சுமார் 8.6 லட்சம் டன் கப்பல்கள் மூழ்கின. வாரத்துக்கு 2,500 கப்பல் வருகிறது, 2,500 போகிறது, இத்தனைக்கும் காவல் போட முடியாது என்பது அவர்கள் வாதம். ரெஜினால்ட் ஹெண்டர்சன் என்ற அதிகாரி அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். கரையோரம் ஓடும் சின்னஞ்சிறு கப்பலெல்லாம் அதில் சேர்ந்திருந்தன. பெருங்கடல் தாண்டி வருபவை நாளுக்கு 20 சொச்சம்தான். தப்பான கணக்கை நம்பி எத்தனை மாலுமிகளைக் கடலுக்குக் கொடுத்தார்கள் என்று நினைத்தால் மனசு ஆறாது.

கடல் பெரிது; நீர்மூழ்கியின் மேல்தட்டில் நிற்பவர் கண்ணுக்கு எட்டும் தூரம் சில மைல்களே. 40 கப்பல் தனித்தனியாகப் போனால் 40 இடத்தில் மாட்டும். கூட்டமாகப் போனால் மாட்டக்கூடிய இடம் ஒன்றுதான்; அங்கே காவல் கப்பலும் நிற்கும்.

இரண்டாம் உலகப் போரில் 45 கப்பல் கொண்ட கான்வாய் (காவலோடு போகும் கப்பல் கூட்டம்) என்றால் பக்கவாட்டில் 9 வரிசை, வரிசைக்கு 5 கப்பல். வரிசைகளுக்கு இடையே 1,000 கஜம், முன்கப்பலுக்கும் பின்கப்பலுக்கும் 600 கஜம் என்று வைத்தால் அகலம் 7 கிலோமீட்டருக்கு மேல், நீளம் 2 கிலோமீட்டர் சொச்சம். நீர்மூழ்கி தண்ணீருக்குள் ஏவும் டார்பிடோ குண்டு பெரும்பாலும் பக்கத்திலிருந்து வரும் என்பதால் அந்தப் பக்கத்தைக் குறுக்கி வைத்தார்கள். எண்ணெய்க் கப்பலும் வெடிமருந்துக் கப்பலும் நடுவில். மட்டமான கரி போட்டுப் புகை கக்குகிற கப்பல் மொத்தக் கூட்டத்தையும் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் மக்கர் செய்து பின்தங்கிய கப்பலுக்காக யாரும் நிற்க மாட்டார்கள். நீர்மூழ்கிக்கு அதுதான் முதல் இரை.

ஜெர்மனியின் 'டைப் 7சி' நீர்மூழ்கி நீர்மேல் 17 நாட் (மணிக்கு 17 கடல் மைல்) வேகம் போகும். மூழ்கினால் ஏழரை நாட், அதுவும் பாட்டரி தீரும் வரை, கொஞ்ச நேரம்தான். கான்வாயின் வேகமோ 7 முதல் 10 நாட். முந்திப்போய்க் காத்திருக்க வேண்டுமானால் அது மேலே வந்தே ஆக வேண்டும். வானத்தில் ஒரு விமானம் சுற்றினாலே போதும். நீர்மூழ்கி முங்கிவிடும், கான்வாய் கைநழுவிவிடும். குண்டு படவே வேண்டியதில்லை.

பட வேண்டுமென்றால் ஆழம் சரியாக இருக்க வேண்டும். முதலில் விமானத்து டெப்த் சார்ஜை (நீருக்கடியில் வெடிக்கும் குண்டை) 100 அடியில் வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். அதன் கொல்லும் வீச்சு சுமார் 20 அடி. விமானி குறிபார்க்க முடிவது அப்போதுதான் முங்குகிற நீர்மூழ்கியை. அது மேல்மட்டத்தில் கிடக்க, குண்டு கீழே போய் வெடித்தது. ஆழமாக முங்கியது எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. ஆய்வாளர்கள் சொல்லி, படிப்படியாக 25 அடிக்குக் குறைத்த பிறகுதான் பலன் கிடைத்தது.

இன்னொரு கணக்கு: கப்பல் இரட்டிப்பானால் காவல் காக்க வேண்டிய சுற்றளவு இரட்டிப்பாகாது, சுமார் 1.4 மடங்குதான். அதனால் பெரிய கான்வாயே மேல் என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி பிளாக்கெட்டின் குழு காட்டியது. 1943 மே மாதம் 41 நீர்மூழ்கிகளை இழந்த ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ், வட அட்லாண்டிக்கிலிருந்து மீதியைப் பின்வாங்கினார். 1944-ல் 160-க்கு மேல் கப்பல்கள் கொண்ட எச்.எக்ஸ். 300 என்ற கான்வாய் ஒன்றைக்கூட இழக்காமல் கரை சேர்ந்தது.

"1971-ல் கராச்சியை அடித்ததில் என்ன லாபம்?"
– வாசகர், பொள்ளாச்சி

டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காத், வீர் என்ற இந்தியக் கடற்படையின் மூன்று ஏவுகணைப் படகுகள் பாகிஸ்தானின் கைபர் நாசகாரிக் கப்பலையும் முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பலையும் மூழ்கடித்தன. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது 8-ஆம் தேதி இரவு வினாஷ் என்ற ஏவுகணைப் படகு கராச்சியின் கெமாரி எண்ணெய்த் தொட்டிகளை எரித்ததுதான். எரிபொருள் போனது, மற்ற நாட்டுச் சரக்குக் கப்பல்களும் கராச்சிப் பக்கம் வர அஞ்சின. கிழக்கே, இன்றைய வங்கதேசக் கரையில், விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் வழியை அடைத்திருந்தது.

"செங்கடல்ல இத்தனை போர்க்கப்பல் நின்னும் நம்ம பனியன் பெட்டி ஆப்பிரிக்காவைச் சுத்திப் போச்சே, ஏனுங்க?"
– வாசகி, திருப்பூர்

ஏமனின் ஹூதிகள் ஏவுகணையும் ட்ரோனும் விட்டுக் கப்பல்களைத் தாக்கினார்கள். அவற்றைத் தடுக்கும் அமெரிக்க நாசகாரிக் கப்பலில் ஏவுகணைக் குழாய் 90 அல்லது 96. தீர்ந்தால் நடுக்கடலில் நிரப்ப முடியாது, துறைமுகம் திரும்ப வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர் பார்ப்பது காவலை அல்ல, மிச்சமிருக்கும் அபாயத்தை. 2024 தொடக்கத்தில் போர் பிரீமியம் கப்பல் மதிப்பில் 1 சதவீதம் வரை போனது. 10 கோடி டாலர் கப்பலுக்கு ஒரு தடவை கடக்க 10 லட்சம் டாலர்! சுற்றிப் போகும் எரிபொருள் செலவே மேல் என்று முதலாளிகள் முடிவு செய்தார்கள்.

வாரம் ஒரு கப்பல் புறப்பட வேண்டிய தடத்தில் ஒரு சுற்று 84 நாள் என்றால் 12 கப்பல் போதும். சுற்றிப் போய் 105 நாள் ஆனால் 15 வேண்டும். காலிப் பெட்டி தூத்துக்குடிக்குத் திரும்புவதும் தள்ளிப்போகும். வாடகை ஏறியது இதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: எப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றிக்கொடுப்பதோடு முடியும் விலை) என்றால் கப்பலில் ஏறியபின் அபாயம் வாங்குபவருடையது. சி.ஐ.எப். (கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் நீங்களே கட்டும் விலை) என்றால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். சாதாரண 'ஏ' வகைச் சரக்குப் பாலிசியில் போர்ச் சேதம் கிடையாது. போருக்கான ஷரத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதுவும் சரக்கு கப்பலில் இருக்கும் வரைதான் செல்லும், குடோனில் இருந்தால் செல்லாது. ஏழு நாள் நோட்டீஸில் ரத்து செய்யலாம் என்றும் இருக்கும். ஆனால் ஏற்கெனவே புறப்பட்ட சரக்கை அது பாதிக்காது. தாமதத்தால் சீசன் தவறினால் எந்த ஷரத்திலும் காசு வராது. ஆர்டர் பேசும்போதே கப்பலேற்றும் தேதியை அதற்கேற்ப முன்கூட்டியே இருக்கும்படி கேளுங்கள்.