ஃப்ரிட்ஜ் எது என்று மகள் சொல்லட்டுமா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மூத்த மகள் சொல்வதைத்தான் வீட்டில் எல்லாவற்றுக்கும் கேட்கிறோம். லாரன்ஸ் ரோடு கடையில் ஒரு ஃப்ரிட்ஜ் பார்த்து வைத்திருக்கிறேன். அவளோ அதைவிடப் பெரியதை ஆன்லைனில், வட்டியில்லாத் தவணையில் வாங்கலாம் என்கிறாள். என் கணவர் அவளிடமே விட்டுவிட்டார். நானும் விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தேடுகிற வேலையை அவளிடம் விடுங்கள் அம்மா. நம்மைவிட நன்றாகத் தேடுவாள். பணம் கட்டும் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பெரும்பாலும் ரொக்கத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடிதான் வட்டிக்குப் போகிறது. கிரெடிட் கார்டுத் தவணையென்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

அவளிடம் மின்கட்டண ரசீதையும் கொடுங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில், நட்சத்திரத்துக்குக் கீழே, ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்று இருக்கும். பெரிய ஃப்ரிட்ஜ் ஆண்டுக்கு 120 யூனிட் கூடுதலாக இழுத்தால், இரண்டு மாதக் கணக்கில் 20 யூனிட்தான். ஆனால் வீட்டுக் கணக்கு ஏற்கெனவே 485 என்றால் அது 505 ஆகிவிடும். 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு உள்ள குறைந்த விலையும் போய்விடும். மகளுக்கு இது தெரியாதது அவள் குற்றமில்லை. வரவு செலவை அவளிடம் நாம் காட்டியதே இல்லை. காட்டிப் பாருங்கள், சிறியதே போதும் என்று அவளே சொல்லக்கூடும்.

உங்களுக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாத இன்னொன்று உப்புக்காற்று. எங்கள் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜின் அடிப்பக்கத்தைத் துடைத்தால் துரு செதில் செதிலாகத் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் வீட்டிலும் பெருக்கும்போது பார்த்திருப்பீர்கள். துரு வாரண்டியில் சேருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் சேர்ப்பதில்லை.

ரசீது பணம் கட்டுபவர் பெயரில் இருக்கட்டும். பெட்டியைக் கொண்டுவந்தவர் முன்னாலேயே பிரித்துப் படம் எடுத்து வையுங்கள். பழுதென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே நீங்கள் வழக்குத் தொடுக்கலாம்.