பிள்ளையின் துடியாட்டம் யார் பக்கத்து ரத்தம்?

கேள்வி: எங்கள் மகனுக்கு 8 வயது, தரம் 3 படிக்கிறான். வகுப்பில் ஒரு இடத்தில் இருக்க மாட்டான். பென்சில், கொப்பி எல்லாம் தொலைப்பான். ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறலும் துடியாட்டமும் சேர்ந்த குறைபாடு) போல இருக்கிறது, ரீச்சரின் அறிக்கையோடு வாருங்கள் என்றார் வைத்தியர். பரம்பரையாலும் மூளை வளர்ச்சியாலும் வருவதாம். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. மாமி என் தாய்வீட்டைக் குறை சொல்கிறார். கணவர், தானும் சின்னதில் இப்படித்தான், அடி வாங்கித் திருந்தினேன் என்கிறார். அவர் 15 வயதில் முள்ளிவாய்க்கால் வரை போய் மீண்டவர். அந்தப் பயம்தான் ரத்தத்தோடு பிள்ளைக்கு வந்துவிட்டதா?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: சகோதரி, மாமியின் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். ஏ.டி.எச்.டி.யில் பரம்பரையின் பங்கு பெரியது என்பது உண்மை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் அது சராசரியாக 74 வீதம் என்று வருகிறது. ஆனால் உங்கள் மகனின் குழப்படியில் 74 வீதம் இன்னார் கொடுத்தது என்று இதை எடுத்துவிடாதீர்கள். ஒரு சமூகத்தில் பிள்ளைக்குப் பிள்ளை தெரியும் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்ற கணக்கு அது. தனியொரு பிள்ளையை அதை வைத்துப் பிரிக்க முடியாது.

அந்த மரபணுவும் ஒன்றிரண்டு இல்லை. ஏ.டி.எச்.டி. உள்ள 38 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வில், மரபணுத் தொகுதியில் 27 இடங்கள் இதனோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. ஒவ்வொன்றும் கூட்டுவது மிகச் சொற்பம். இப்படி ஆயிரக்கணக்கான சின்ன வேறுபாடுகள் நம் எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. உங்களிடம் இருந்ததும் கணவரிடம் இருந்ததும் மகனில் கூடியிருக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் குற்றவாளி ஆக்க இதில் இடமே இல்லை.

மூளை வளர்ச்சி என்று வைத்தியர் சொன்னதற்கு 2007இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு நல்ல விளக்கம். மூளையின் மேற்பட்டை உச்சத் தடிப்பை அடையும் வயதைப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளில் அது ஏறத்தாழ ஏழரை வயது, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் பத்தரை. கூடுதலாகப் பிந்தியது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. பொறுத்திருப்பது, திட்டமிடுவது, ஒன்றில் மனதை நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. ஆக, மகன் வேண்டுமென்று செய்யவில்லை. எல்லாருக்கும் வயதோடு முழுதாகச் சரியாகிவிடும் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. இவை பல பிள்ளைகளின் சராசரி என்பதால், ஸ்கேன் எடுத்தோ ரத்தம் சோதித்தோ ஒரு பிள்ளைக்கு இது உண்டா என்று சொல்ல முடியாது. அதற்காக யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் காசைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கினவா, 6 மாதமாவது நீடிக்கின்றனவா, வீட்டிலும் பள்ளியிலும் தெரிகின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். ரீச்சரின் அறிக்கையைக் கேட்டது அதற்குத்தான்.

இனி உங்கள் கவலை. தகப்பன் பட்ட போர்ப் பயம் மரபணு வழியே வந்து பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி.யைக் கொடுத்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்தச் சுமையை இறக்கி வையுங்கள். ஆனால் இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தகப்பன் இரவில் தூக்கமின்றித் தவித்தால், வெடிச்சத்தம் கேட்டு உறைந்தால், திடீரென்று கோபப்பட்டால், அந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கும் நிம்மதி கெடும். கவனம் சிதறும். பார்ப்பதற்கு ஏ.டி.எச்.டி. போலவே இருக்கும், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஏதும் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கணவருக்கும் சிகிச்சை உண்டு. முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த மனிதர் உதவி கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அடி வாங்கித் திருந்தினேன் என்கிறாரே, அதை நான் ஏற்க மாட்டேன். அவர் திருந்தினாரோ, வளர்ந்தாரோ? ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் மூளையில் டோபமின் என்ற இரசாயனம் வேலை செய்யும் விதம் சற்று வேறு என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிறகு கிடைக்கப்போகும் பரிசும் தண்டனையும் எட்டத்தில் நின்றுவிடும், உடனே கிடைப்பதுதான் பிடிக்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். முடித்த கையோடு பாராட்டுங்கள். பத்து நிமிடம் படிப்பு, பிறகு வளவைச் சுற்றி ஒரு ஓட்டம். வகுப்பில் முன் வாங்கில் இருத்தும்படி ரீச்சரைக் கேளுங்கள். தரம் 5 புலமைப்பரிசிலை நினைத்து இப்போதே ரியூசனில் அடைக்க வேண்டாம். மீதைல்பெனிடேட் போன்ற மருந்து தேவையா என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும். கொடுத்தால் பசி குறையலாம், நிறையைக் கவனியுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குக் கணவரோடு சேர்ந்து போங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு நிறையும் இதற்கான வாய்ப்பைக் கூட்டும். கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். அப்புறம் மாமியிடம் ஒன்று கேளுங்கள்: இடம்பெயர முன்பு, தரம் 2, 3இல் படித்தபோது அவருடைய மகன் எப்படி இருந்தான்? கடைசிப் போருக்கு முந்திய அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர் உங்கள் வீட்டில் அவர்தான். அவர் சொல்வது வைத்தியருக்கு மிகவும் உதவும். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.