மாமனார் விட்டுச்சென்ற ஏழு கிட்டார்கள்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வசிக்கிறோம். என் கணவர் அமெரிக்கர். இளமையில் ஒரு சிறு இசைக்குழுவில் வாசித்த என் மாமனார் சென்ற ஆண்டு காலமானார். வீட்டின் அடித்தளத்தில் அவருடைய ஏழு எலெக்ட்ரிக் கிட்டார்கள் இருக்கின்றன. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஃபெண்டர் மஸ்டாங், கிப்ஸன் எஸ்ஜி, கிரெட்ச் ஆகியவற்றில் ஒவ்வொன்றும், பெட்டியிலேயே ஒலிபெருக்கி பொருத்திய சில்வர்டோன் ஒன்றும், ஜப்பானில் செய்த இரண்டும் உள்ளன. எங்கள் இருவருக்குமே வாசிக்கத் தெரியாது. ஒரு கடைக்காரர் வந்து பார்த்து, ஏழுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நாங்களே இணையத்தில் விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா? வரும் வார இறுதியில் எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்து, புதுக் கம்பி மாட்டிப் படம் எடுக்கலாம் என்றிருக்கிறோம். – ஒரு வாசகி, எடிசன்

பதில்: கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அந்த வார இறுதித் திட்டத்தை முதலில் கைவிடுங்கள். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் தட்டலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். அக்காலத்து ஃபெண்டர், கிப்ஸன் கிட்டார்கள் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசப்பட்டவை. அந்தப் பூச்சு காலப்போக்கில் மஞ்சளித்து, குளிரிலும் வெப்பத்திலும் மயிரிழை போல வெடிப்பு விடும். உங்கள் கண்ணுக்கு அழுக்காகவும் பழுதாகவும் தெரிவதைத்தான் வாங்குபவர் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு தேடுவார். மறுபூச்சுப் பூசிய பழைய கிட்டாரின் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது இந்த வியாபாரத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. துருப்பிடித்த திருகுக்குப் பதில் பளபளக்கும் புதுத் திருகு போடுவதும் வேண்டாம். பெட்டிகளுக்குள் கிடக்கும் எதையும் எறிந்துவிடாதீர்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை மூடும் குரோம் மூடி வாசிக்கும்போது கைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்பதால், பலர் அதைக் கழற்றிச் சாம்பல் கிண்ணமாகவே பயன்படுத்தினார்கள். அந்த மூடியும், நடுக்கம் எழுப்பும் கைப்பிடியும், வாங்கிய நாளின் ரசீதும், விலைச்சீட்டும் சேர்ந்தால் விலை கணிசமாக உயரும்.

இன்றே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கிரெட்ச் கிட்டாரைத் தனியே எடுத்து வையுங்கள். புரூக்ளினில் செய்யப்பட்ட பழைய கிரெட்ச்களின் ஓரங்களில் ஓடும் வெள்ளைப் பட்டை செல்லுலாய்டால் ஆனது. அது உள்ளுக்குள்ளேயே சிதையத் தொடங்கினால் அமில வாயுவை வெளிவிட்டு, அருகிலுள்ள உலோகப் பகுதிகளைப் பச்சை பூக்கச் செய்துவிடும். மூடிய பெட்டிக்குள் இந்தச் சிதைவு விரைவாகும். பட்டை உதிர்ந்து பொடியாகியிருந்தால் அந்தப் பொடியையும் ஒரு உறையில் போட்டு வைத்து, விவரிப்பில் உள்ளபடியே எழுதுங்கள். சரிசெய்வது கைதேர்ந்தவரின் வேலை, செலவும் அதிகம். அதை வாங்குபவரே தம் விருப்பப்படி செய்துகொள்வார்.

அடுத்தது ஆண்டைக் கண்டறிவது. உங்கள் தொகுப்பின் மதிப்பில் பெரும்பகுதி ஸ்ட்ராட்டோகாஸ்டரில்தான் இருக்கும், அதன் மதிப்போ அது எந்த ஆண்டுக்குரியது என்பதில் இருக்கிறது. 1954இல் அறிமுகமான இந்தக் கிட்டாரைக் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் செய்துவந்தது. 1965 ஜனவரியில் அந்த நிறுவனம் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்தவை ஒரு விலை, பின் செய்தவை ஒரு விலை. உடலையும் கழுத்தையும் இணைக்கும் உலோகத் தகட்டில் தொடர் எண் இருக்கும். ஆனால் தகடு நான்கு திருகுகளில் கழன்றுவரும் பொருள் என்பதால், எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கழுத்தின் அடிப்புறத்தில் பென்சிலாலோ முத்திரையாலோ இட்ட தேதியும், வால்யூம் குமிழுக்கு அடியிலுள்ள, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ‘பாட்’ (பொடென்ஷியோமீட்டர்) என்ற உறுப்பின் முதுகில் பொறித்த எண்ணும் அதைவிட உறுதியான சான்றுகள். எடுத்துக்காட்டாக, அங்கே 1376633 என்று இருந்தால், முதல் மூன்று இலக்கங்கள் சிடிஎஸ் என்ற உற்பத்தியாளரைக் குறிக்கும், அடுத்த இரண்டு 1966ஐயும் கடைசி இரண்டு அந்த ஆண்டின் 33ஆம் வாரத்தையும் காட்டும். கிட்டார் அந்த வாரத்துக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதற்குத்தான் அது சான்று. அந்த ஆண்டிலேயே செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது, ஏனென்றால் 1966இல் ஃபெண்டர் பெருமளவில் வாங்கி அடுக்கிய பாட்கள் 1969 வரைகூடக் கிட்டார்களில் ஏறின. பாட் பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்பதைப் பற்றவைத்த ஈயம் காட்டிக்கொடுக்கும். பழைய பற்று மங்கிப் போயிருக்கும், புதியது கண்ணாடி போல மின்னும்.

கிப்ஸன் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் 1960களில் அந்த நிறுவனம் ஒரே தொடர் எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் மறுபடியும் இட்டது. இதை அறியாமல் நானே ஒருமுறை எண்ணை மட்டும் நம்பி, 1965 என்று எழுதி ஒரு கிட்டாரை விற்றேன். வாங்கியவர் பின்மூடியைத் திறந்து, 1969 என்று காட்டும் நான்கு பாட்களையும், யாரும் தொடாத ஈயப் பற்றையும் படமெடுத்து அனுப்பினார். கிட்டார் திரும்பி வந்தது, இருவழிக் கூலியும் என் தலையில் விழுந்தது. அவர் மேல் தவறே இல்லை. திறந்து பார்க்கத் தயக்கமாக இருந்தால் கிட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கூலி கொடுத்துத் திறந்து படமெடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு விலை சொன்ன அதே கடைக்காரரிடம் மட்டும் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

சில்வர்டோனைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சியர்ஸ் நிறுவனம் அஞ்சல்வழிப் பட்டியலில் விற்ற அந்தக் கிட்டாரைச் செய்தது டேன்எலெக்ட்ரோ, அதன் தொழிற்சாலை இருந்தது உங்கள் மாநிலத்திலேயே உள்ள நெப்டியூனில். மேல்பலகை அமுக்கிய மரக்கூழ் அட்டை, கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப் உதட்டுச்சாயக் குழாய் வடிவ உறைக்குள் இருக்கும். பெட்டியும் ஒலிபெருக்கியும் சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. ஆனால் அந்த ஒலிபெருக்கிக்கு மின்இணைப்பு கொடுத்துப் பார்க்காதீர்கள், அறுபது ஆண்டுப் பழைய மின்தேக்கிகளை ஒருவர் சோதித்த பிறகே அது பாதுகாப்பானது.

விலைக்கு வருவோம். இசைக்கருவிகளுக்கான விற்பனைத் தளமான ரிவர்பிலும் ஈபேயிலும் விற்பவர் கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நீங்கள் பார்க்கவேண்டியது விற்று முடிந்தவற்றின் விலையை, அதற்கான வடிகட்டி இரண்டு தளங்களிலும் உண்டு. 2019 ஜூனில் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் நியூ யார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்குப் போனது. அது கில்மரின் விலை, கிட்டாரின் விலையன்று. அந்தச் செய்தியை உறவினர் யாராவது உங்களுக்கு அனுப்பியிருந்தால் மறந்துவிடுங்கள். கடைக்காரர் பொதுவாகச் சந்தை விலையில் 50 முதல் 70 விழுக்காடு தருவார். அவருக்குக் கடை வாடகையும் காத்திருப்பும் உண்டு என்பதால் அதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏழுக்கும் சேர்த்து ஒரே தொகை என்றால் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மற்ற ஆறின் நிழலில் மலிவாகப் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத்தில் விலை கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஜப்பானியக் கிட்டார்கள் இரண்டையும் முதலில் விற்பேன். படம் எடுப்பது, பொதி கட்டுவது, பேரம் பேசுவது எல்லாவற்றையும் அவற்றில் பழகிக்கொள்ளலாம், கணக்குக்கு நற்பெயரும் சேரும். பிறகு மஸ்டாங், எஸ்ஜி என்று மேலே போகலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1965க்கு முந்தியது என்று உறுதியானால் அதை நீங்களே விற்காமல், நாஷ்வில்லில் உள்ள பழங்கிட்டார்க் கடை ஒன்றில் கமிஷனுக்கு வைப்பது மேல். அவர்களுடைய சொல்லுக்கு இருக்கும் மதிப்பு உங்கள் புதுக் கணக்குக்கு இருக்காது.

விவரிப்பில் குறையை முதலில் எழுதுங்கள். ‘முழுவதும் அசல்’ என்ற சொல்லை, திறந்து பார்த்தவர் சொன்னால் ஒழிய எழுதாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், முன்னும் பின்னும், தலைப்பகுதியின் பின்புறம், விரல்பலகையில் பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரட்களின் தேய்மானம், தேதி, பாட் எண், ஒவ்வொரு தழும்பு என்று இருபது முப்பது படங்கள் போடுங்கள். மரத்தின் ரேகைகள் தெளிவாகத் தெரியும் படங்கள் கட்டாயம் இருக்கட்டும். வேறொரு கிட்டாரைத் திருப்பி அனுப்பிவிட்டு ‘இதுதான் வந்தது’ என்பவரிடம் அந்த ரேகைகள்தாம் உங்கள் சாட்சி. விலைக்கு மேல் காசோலை அனுப்பி மீதியைத் திருப்பிக் கேட்பவர், தளத்துக்கு வெளியே பணம் தருகிறேன் என்பவர், இருவருக்கும் பதிலே வேண்டாம்.

பொதி கட்டும்போது எஸ்ஜி மீது தனிக் கவனம் வேண்டும். கிப்ஸனின் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்தது. பெட்டி கீழே விழுந்தால், கம்பிகளின் இழுவிசை அதைக் கழுத்தோடு முறித்துவிடும், விலையும் பாதியாகும். கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, தலைக்கு அடியிலும் மேலும் தாளைச் சுருட்டி இறுக்கி, பெட்டியை ஆட்டினால் உள்ளே எதுவும் அசையாதபடி செய்யுங்கள். பிறகு அட்டைப் பெட்டி, முழு மதிப்புக்குக் காப்பீடு, பெறுபவர் கையொப்பம். பனிக்காலத்தில் அனுப்பினால், வந்தவுடன் திறக்காமல் ஒரு நாள் அறையிலேயே வைத்திருக்கும்படி வாங்குபவருக்கு எழுதுங்கள். குளிர்ந்த லாக்கர் திடீரென்று வெப்பம் பட்டால் வெடிக்கும்.

வரி விஷயமும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, வாரிசாக வந்த பொருளின் அடக்கவிலை என்பது உரியவர் இறந்த நாளின் சந்தை மதிப்பு, அவர் அன்று கொடுத்த விலை அன்று. எனவே விற்பதற்கு முன்பே, அந்த நாளின் மதிப்பை ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 300 டாலருக்கு வாங்கியதை இன்றைய விலைக்கு விற்றதாக முழு லாபத்துக்கும் கணக்குச் சொல்லவேண்டிய நிலை வரலாம். சேகரிப்புப் பொருளின் நீண்டகால லாபத்துக்கு வரி 28 விழுக்காடு வரை போகும். உங்கள் கணவருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால், உயிலை நிறைவேற்றுபவரின் ஒப்புதல் வந்த பிறகே முதல் படத்தைப் போடுங்கள்.

கேள்வி: என்னிடம் 1961ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து ஒருவர் நல்ல விலை கேட்கிறார். அனுப்பலாமா? – வாசகர், டொரொன்டோ

பதில்: அதன் விரல்பலகை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட் மரமாக இருக்கும். அந்த மரம் 1992 முதல் அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில் மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்த இசைக்கருவிகளுக்குக் கிடைத்த விலக்கு இதற்குக் கிடையாது. எனவே மரம் தடைக்கு முந்தியது என்பதற்குச் சான்று காட்டிக் கனடா அரசின் சுற்றுச்சூழல் துறையிடம் சான்றிதழ் பெறவேண்டும், வாங்குபவரும் தம் பக்கம் இறக்குமதி அனுமதி பெறவேண்டும். தாள்கள் இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் பறிமுதலாகலாம். ஜெர்மானியர் காத்திருக்கச் சம்மதித்தால் விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் சற்றுக் குறைந்த விலைக்குக் கனடாவுக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள்.