வாய் திட்டும், கை போடும்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது மேலூர் பக்கம் ஒரு கிராமம். கண்மாய்க்கரையில் சின்னதாக ஒரு பிள்ளையார் இருக்கிறார். அப்பா 30 வருஷமாகத் தினமும் பொழுது சாய அங்கே விளக்குப் போட்டார். அவர் போனபின் 2 வருஷமாக நான் போடுகிறேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பக்தியே வருவதில்லை. எண்ணெய் ஊற்றும்போது லோன் தவணைதான் மனசில் ஓடுகிறது. போன மாசம் காய்ச்சலில் படுத்ததில் இரண்டு நாள் விளக்கு இல்லை. இரண்டு ராத்திரியும் தூக்கம் பிடிக்கவில்லை. மனசு ஒட்டாமல் செய்கிற இந்த வேலையில் ஏதாவது புண்ணியம் உண்டா, இல்லை வெறும் பழக்கம்தானா? அடுத்த வாரம் நான்கு நாள் கோவை போகவேண்டியிருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

கே., மேலூர்

அன்புள்ள கே.,

மதுரைச் சீமைக்காரர் நீங்கள், மூர்த்தி நாயனார் கதை தெரிந்திருக்கும். சொக்கநாதருக்குத் தினமும் சந்தனம் அரைத்துக் கொடுத்த வணிகர். ஊரைப் பிடித்த கருநாடர் மன்னன் சந்தனக்கட்டை கிடைக்கவிடாமல் செய்தபோது, கல்லில் தன் முழங்கையையே வைத்துத் தேய்த்தார். கதை சொல்கிறவர்கள் ரத்தமும் எலும்பும் தெரிகிற அந்த இடத்துக்கு வந்ததும் குரலை உயர்த்துவார்கள். சிறுவயதில் நானும் அதைத்தான் வாய் பிளந்து கேட்டேன். இப்போது என் யோசனையெல்லாம் அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி. கட்டை தாராளமாகக் கிடைத்த நாட்கள். அரைத்திருப்பார், கொடுத்திருப்பார், தன் வியாபாரத்தைப் பார்க்கப் போயிருப்பார். அரைக்கும்போது வரவேண்டிய பாக்கி நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? (இது என் ஊகம், புராணத்தில் இல்லை.) அப்படிப் பழகிய கைதான், கட்டை இல்லாத நாளில் சும்மா இருக்க முடியாமல் கல்லைத் தேடிப் போயிற்று.

என் அப்பத்தாவுக்குச் சோழவந்தான் பக்கம். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். பிடியரிசி. வாசலில் வந்து கேட்பவர்களுக்கு அது. அவள் அதைப் பயபக்தியோடு செய்து நான் பார்த்ததேயில்லை. அந்நேரம் யாரையாவது வைதுகொண்டிருப்பாள். என் அம்மாவை, பால்காரரை, பெரும்பாலும் தாத்தாவை. வாய் திட்டும், கை போடும். கலயத்துக்கு மேலே வந்ததும் விரல்கள் மெல்ல விரியும், ஒரு மணி வெளியே சிந்தாது. வீட்டில் நெல் குறைந்த ஒரு வருஷம் பிடி சின்னதாயிற்று. சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மடக்கிக்கொண்டு மிச்ச விரல்களால் அள்ளினாள். அப்போதும் திட்டு மட்டும் குறையவில்லை.

சாமி முன்னால் நின்றதும் கண்ணில் நீர் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் அது வருவதும் போவதும் நம் கையில் இல்லை. பக்தி பொங்குகிற நாளில் மட்டும் விளக்குப் போடுவது என்று உங்கள் அப்பா இருந்திருந்தால், பிள்ளையார் மாசத்தில் பாதி நாள் இருட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம், அந்தத் தூங்காத ராத்திரிகள். சாக்கிய நாயனார் பௌத்தத் துறவியின் கோலத்திலேயே இருந்துகொண்டு, தினம் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பூ கிடையாது, கல்தான். ஒருநாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நினைவு வந்ததும் சோற்றை விட்டுவிட்டு ஓடினார். அவர் ஓட்டத்தைத்தான் உங்கள் கடிதத்தில் பார்த்தேன். பல் தேய்க்க மறந்ததற்காக யாராவது ராத்திரி விழித்துக் கிடக்கிறார்களா? காய்ச்சலோடு எழுந்து போயிருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளையார் அவ்வளவு கறாரானவர் இல்லை.

சரி, கோவை விஷயம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் நாளே கூட்டிப்போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், கையை எப்படி மறைப்பு வைக்கவேண்டும் என்று காட்டிவிடுங்கள். எண்ணெய், திரி எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். கண்மாய்க்கரை ஈரத்தில் தீப்பெட்டி நமுத்துப்போகும், அதை மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுங்கள்.