'டேபிள்' என்று எழுதியது உங்கள் பிழை அல்ல

வணக்கம். திட்டத்தை 'டேபிள்' செய்வோம் என்று நீங்கள் எழுதியதும் அமெரிக்கக் குழுவினர் அதை நிகழ்ச்சி நிரலிலிருந்தே நீக்கிவிட்டார்கள், மேலாளரோ உங்கள் ஆங்கிலத்தைக் குறை சொன்னார் என்று படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. நீங்கள் எழுதியது சரியான ஆங்கிலம்தான். பிரிட்டனிலும் இந்தியாவிலும் அச்சொல்லுக்கு விவாதத்துக்கு முன்வைப்பது என்று பொருள், அமெரிக்காவில் ஒத்திவைப்பது. நேர் எதிர்! இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கப் படை அதிகாரிகளும் இதே சொல்லை வைத்து நெடுநேரம் வாதாடினார்கள். இரு தரப்பும் விரும்பியது ஒன்றுதான் என்பது பிறகே தெரிந்தது. அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

மேலாளரிடம் இரண்டு அகராதிப் பொருள்களையும் சேர்த்துக் காட்டுங்கள், தயங்க வேண்டாம். இனி 'இன்றே விவாதிப்போம்', 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று நேராகவே எழுதிவிடலாம். 'ப்ரீபோன்', அதாவது குறித்த தேதியை முன்னதாக மாற்றுவது, என்பதிலும் கவனம் தேவை. இந்தியாவில் இயல்பான சொல், வெளியே பலருக்குப் புரியாது; பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் குறிப்பிடுங்கள்.

உங்கள் வேலையைப் பார்த்துச் சொல்லும் 'க்வைட் குட்' இன்னும் நுட்பமானது. அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் பாராட்டு. பிரிட்டிஷ்காரர் சொன்னால் வெறும் 'பரவாயில்லை' ஆகவும் இருக்கலாம். எதைத் திருத்த வேண்டும் என்று உடனே கேட்டுவிடுங்கள்.